பாப்பாவால தலைவலின்னு சொல்ல முடியாது: மூளையில ரத்தக் குழாய் வெடிச்ச எங்க 4 மாசக் குழந்தையோட ஆபரேஷன் அனுபவம்

மூளையில ரத்தக் குழாய் வெடிக்கறதைப் பத்தி எங்க படிச்சாலும் எல்லாமே பெரியவங்களுக்குன்னுதான் எழுதியிருக்கு. வாழ்க்கையில இதுவரைக்கும் வராத மாதிரி ஒரு தலைவலி வந்துச்சுன்னு நோயாளி சொல்வார்னு ஆரம்பிப்பாங்க. 4 மாசக் குழந்தை எங்க போய் சொல்லும்? எங்க பொண்ணுக்கு அப்போ தெரிஞ்ச ஒரே பாஷை அழுகை, அந்த அழுகையில எது பசி எது தூக்கம்னு பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சவங்க நானும் என் வீட்டுக்காரரும் எங்கம்மாவும் மட்டும்தான். அதனால இந்த விஷயத்துல பெத்தவங்க வாயைத் திறந்து என்ன சொல்றோம்ங்கிறது ஸ்கேன் ரிப்போர்ட் அளவுக்கு முக்கியம், அதுக்காகத்தான் உக்காந்து இவ்வளவையும் எழுதறேன். நான் டாக்டர் கிடையாது, எங்களுக்கு நடந்ததும் டாக்டருங்க எங்களுக்குப் புரிய வச்சதும்தான் இது.

அனியூரிசம்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ரத்தக் குழாயோட சுவர் ஒரு இடத்துல மட்டும் பலவீனமாகி வெளிய புடைச்சுக்கும், சைக்கிள் ட்யூப்ல ஒரு இடம் மட்டும் கொப்புளமா வீங்குமே அந்த மாதிரி. அது கிழிஞ்சா மூளையைச் சுத்தி இருக்கிற நீர்ல ரத்தம் பாயும், சில பேருக்கு மூளைக்குள்ளயே கட்டியா உறைஞ்சு பக்கத்துல இருக்கறதையெல்லாம் அழுத்தும். கண்டுபிடிக்கிற மொத்த அனியூரிசத்துல குழந்தைங்களோடது 100-க்கு 5-க்கும் கம்மி, அதுலயும் ஒரு வயசு முடியாத குழந்தைன்னா ரொம்ப ரொம்ப அபூர்வம். அதனாலயே வாந்தி எடுக்கிற கைக்குழந்தையைப் பார்த்த உடனே யாருக்கும் இது ஞாபகத்துக்கு வராது, வயித்துல கிருமி, மூளைக்காய்ச்சல், இதெல்லாம்தான் முதல்ல தோணும், அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது.

அவளுக்கும் வாந்தியிலதான் ஆரம்பிச்சது. பால் குடிச்சு முடிச்சு தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருந்தப்போ திடீர்னு வீல்னு ஒரு அழுகை, கீச்சுன்னு மேல் ஸ்தாயில, அதுவரைக்கும் அவ அப்படி அழுது நான் கேட்டதே இல்ல, உடனே குடிச்ச பால் மொத்தமும் பீய்ச்சி அடிச்சுது. அப்புறம் வெளிறிப்போய்த் தொய்ஞ்சு கிடந்தா, தூக்கினா சிணுங்கினா, படுக்க வச்சா இன்னும் அழுதா. ஜுரம் இல்ல, பேதி இல்ல. கொஞ்ச நேரத்துல வலது கை மட்டும் விட்டு விட்டு வெட்டி வெட்டி இழுத்துச்சு, நான் கையைப் பிடிச்சும் துடிப்பு நிக்கல. பிடிச்சா நிக்காம இருந்தா அது ஃபிட்ஸ்தான்னு அப்புறம் டாக்டர் சொன்னாங்க, சும்மா உதர்ற கை பிடிச்சா நின்னுடுமாம்.

எங்கம்மாதான் உச்சியைத் தொட்டுப் பார்த்தாங்க. உச்சிக்குழி எப்பவும் மெத்துன்னு லேசா பள்ளமா, விரல் வச்சா துடிக்கிறது தெரியும். அன்னிக்கு அது இறுகிப்போய் மேடா நின்னுது. குழந்தை அழுறப்போ உச்சி கொஞ்சம் புடைக்கறது சகஜம், படுத்திருந்தாலும் அப்படித் தெரியும், அதனால நிமிர்த்தி உக்கார வச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு, அழுகை நிக்கிற ஒரு நொடியில தொட்டுப் பார்க்கணும், அப்பவும் மேடா இருந்தா உள்ள அழுத்தம் ஏறியிருக்குன்னு அர்த்தம். கூடவே கண்ணு ரெண்டும் கீழ இறங்கி, கருவிழிக்கு மேல வெள்ளை தெரிஞ்சுது. இந்த ரெண்டையும் பார்த்ததும் எங்கம்மா ஒரு வார்த்தை பேசல, குழந்தையைத் துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாங்க.

எமர்ஜென்சியில முதல்ல பார்த்தவங்க வாந்தி எத்தனை தடவை, பால் எப்போன்னு வழக்கமா கேக்கறதைத்தான் கேட்டாங்க. நான் சொன்னது இதுதான்: இது இவளோட அழுகை இல்ல, வலது கை மட்டும் இழுத்துச்சு, பிடிச்சும் நிக்கல, உச்சி மேடா இருக்கு, ஆரம்பிச்சது இத்தனை மணிக்கு. உச்சின்னு சொன்ன உடனே அந்த டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்து தலையைத் தொட்டாங்க. அதுக்கப்புறம் நடந்த வேகமே வேற. "குழந்தை சரியில்ல டாக்டர்"னு மட்டும் சொல்லியிருந்தா அங்க அன்னிக்கு வந்திருந்த எல்லாக் குழந்தையும் சரியில்லாமதானே வந்திருந்துச்சு, அதான் சொல்றேன், பயத்துல நாக்கு ஒட்டிக்கும், ஆனா எந்த நேரத்துக்கு ஆரம்பிச்சுது, எந்தப் பக்கம் இழுத்துச்சு, கடைசியா பால் குடிச்சது எப்போ, எடை எவ்வளவு, இந்த நாலையும் மனசுல ஓட்டிக்கிட்டே போங்க. மயக்க மருந்து டாக்டர் வரைக்கும் எல்லாரும் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க.

உச்சிக்குழி மூடாத குழந்தைங்களுக்கு ஒரு வசதி என்னன்னா அது வழியாவே அல்ட்ராசவுண்ட் வச்சு மூளையைப் பார்க்கலாம், மயக்கம் வேண்டாம், படுத்த இடத்துலயே பண்ணிடலாம். அதுலயே உள்ள ரத்தம் தெரிஞ்சுது. உடனே சிடி ஸ்கேன், அடுத்தது கையில மருந்து ஏத்தி ரத்தக் குழாயை மட்டும் பார்க்கிற சிடி ஆஞ்சியோ. இடது பக்கம் நடு மூளைத் தமனின்னு சொல்ற பெரிய குழாய்ல ஒரு புடைப்பு, அதைச் சுத்தி ரத்தக் கட்டி. கைக்குழந்தைங்களுக்கு வந்தா நிறைய தடவை இந்தக் குழாய்லதான் வருமாம், அதோட புடைப்போட அளவும் பெரியவங்களுக்கு வர்றதை விடப் பெருசா இருக்கறது சாதாரணமாம்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், இதை யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. கைக்குழந்தை தலைக்குள்ள ரத்தம்னா டாக்டருங்க முதல்ல சந்தேகப்படறது அடி பட்டதா, யாராவது குலுக்கினாங்களான்னுதான். கட்டில்ல இருந்து விழுந்தாளா, வீட்ல யார் யார் பார்த்துக்கறாங்க, குழந்தை அழுதா யார் தூக்குவாங்கன்னு என்னைத் தனியா, இவரைத் தனியா, எங்கம்மாவைத் தனியா கேட்டாங்க. பொறந்தப்போ வைட்டமின் கே ஊசி போட்டாங்களான்னு கேட்டாங்க, அது போடாத குழந்தைங்களுக்கு சில வாரம் கழிச்சுக் கூட மூளையில ரத்தம் கசியலாம்னு அப்பதான் தெரிஞ்சுது. ரத்தம் உறையற டெஸ்ட் எடுத்தாங்க, கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்த்தாரு. விழித்திரையில ரத்தக் கசிவு இருந்தா அது குலுக்கினதாலயும் வரலாம், அனியூரிசம் வெடிச்சு உள்ள அழுத்தம் ஏறினதாலயும் வரலாமாம். என் வீட்டுக்காரருக்குக் கோவம் தாங்கல, குழந்தை உயிருக்குப் போராடுது, எங்களைப் போய் இப்படிக் கேக்கறீங்களேன்னு. எனக்கு அப்பவும் சரி இப்பவும் சரி அந்தக் கேள்வி நியாயமாதான் படுது, வாய் பேசத் தெரியாத குழந்தைக்காக யாராவது கேட்டுத்தானே ஆகணும். நிதானமா, மறைக்காம, எல்லாத்துக்கும் பதில் சொல்லுங்க, நேரத்தோட சொல்லுங்க.

நாங்க முதல்ல போன இடத்துல குழந்தைங்களுக்கான நியூரோ சர்ஜரி கிடையாது. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னாங்க, ஆனா உடனே தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடல, மூச்சுக் குழாய்ல ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சு, ஃபிட்ஸ் மருந்து ஏத்தி, தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, தலை ஒரு பக்கம் சாயாம நேரா வச்சு, இவ்வளவும் பண்ணிட்டுத்தான் ஆம்புலன்ஸ் ஏத்தினாங்க. எனக்கு அந்த நேரம் ஒவ்வொரு நிமிஷமும் வீணாப் போற மாதிரி இருந்துச்சு. வழியில மூச்சு நின்னா உள்ள அழுத்தம் இன்னும் ஏறும், இருக்கிற மூளையும் கெட்டுடும், அதனாலதான்னு கூட வந்த டாக்டர் வண்டியில சொன்னாரு.

நியூரோ சர்ஜன் எங்களை உக்கார வச்சு ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாரு. ஒரு தடவை கிழிஞ்ச இடம் திரும்பக் கிழியற வாய்ப்பு முதல் 24 மணி நேரத்துலதான் ரொம்ப அதிகம், ரெண்டாவது தடவை வெடிச்சா முதல் தடவை மாதிரி தப்பிக்கறது கஷ்டம், அதனால காத்திருக்க முடியாதுன்னாரு. வழி ரெண்டு. ஒண்ணு மண்டையோட்டைத் திறந்து புடைப்போட கழுத்துல, அதாவது அது குழாயோட ஒட்டியிருக்கிற இடத்துல, கிளிப் போடறது, 1937-ல வால்டர் டேண்டிங்கிற சர்ஜன் முதன்முதல்ல வெள்ளிக் கிளிப் வச்சுப் பண்ண அதே யோசனைதான், இப்ப டைட்டானியத்துல வருது. இன்னொண்ணு தொடையில இருக்கிற ரத்தக் குழாய் வழியா மெல்லிசா ஒரு ட்யூபை மூளை வரைக்கும் கொண்டுபோய் புடைப்புக்குள்ள பிளாட்டினம் சுருளை நிரப்பறது, காயிலிங்னு சொல்வாங்க, 1990-கள்ல குக்லியெல்மிங்கிற டாக்டரோட சுருள் வந்தப்புறம்தான் இது பரவலாச்சு. மண்டையைத் திறக்காம முடியுமேன்னு எங்களுக்கு ரெண்டாவதுதான் மனசுல ஒட்டிச்சு. ஆனா கைக்குழந்தைக்குத் தொடைக் குழாயே சில மில்லிமீட்டர்தான், ட்யூப் போட்டா காலுக்குப் போற ரத்தம் அடைபட வாய்ப்பிருக்கு, ஸ்கேன் மருந்தையும் எடைக்குத் தகுந்த அளவுக்கு மேல ஏத்த முடியாது. அதெல்லாம் சமாளிச்சு காயிலிங் பண்ணி நல்லா இருக்கிற குழந்தைங்களும் இருக்காங்க, அதுவும் சொன்னாரு. எங்க பொண்ணுக்கு ரத்தக் கட்டி மூளையை அழுத்திக்கிட்டு இருந்ததால எப்படியும் திறந்து அதை எடுத்தாகணும், எடுக்கறப்பவே கிளிப் போட்டுடலாம்னு முடிவாச்சு. எது நல்லதுன்னு பொதுவா கேக்காதீங்க, எங்க குழந்தைக்கு, இந்த இடத்துல, இந்த அளவுக்கு, எதுன்னு கேளுங்க, ஏன்னும் கேளுங்க.

அவர் சொன்னதுலயே என்னை அதிரவச்சது ரத்தக் கணக்கு. இந்த வயசுக் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு சுமார் 80 மில்லி ரத்தம்தான் இருக்கும். எங்க பாப்பா 6 கிலோ, அப்ப உடம்பு மொத்தத்துக்கும் 480 மில்லி, அரை லிட்டர் கூட இல்ல. பெரியவங்களுக்கு ஆபரேஷன்ல 100 மில்லி போனா யாரும் கண்டுக்க மாட்டாங்க, இவளுக்கு அது அஞ்சுல ஒரு பங்கு. அதனால தோலை வெட்டறதுக்கு முன்னாடியே பொருத்தம் பார்த்த ரத்தம் தியேட்டருக்குள்ள ரெடியா இருக்கணும்னாரு. உள்ள போன ஒவ்வொரு பஞ்சையும் எடை போட்டு எவ்வளவு ரத்தம் போச்சுன்னு கணக்கு வச்சிருக்காங்க, அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன்.

கையெழுத்துப் போட்டோம். பக்கவாதம், பேச்சு, பார்வை, உயிர், எல்லாமே அந்தப் பேப்பர்ல இருந்துச்சு. இவர் கை நடுங்கி கோடு கோடா விழுந்துச்சு கையெழுத்து.

உள்ள நடந்ததை சர்ஜன் பிறகு சொன்னாரு. கைக்குழந்தைக்கு உடம்புல தலைதான் பெருசு, தலை வழியாவே சூடு போயிடும், அதனால தியேட்டரையே சூடா வச்சு, அடியில வெந்நீர் ஓடற மெத்தை, மேல சூடு காத்து அடிக்கிற போர்வை. மண்டையோடு அவ்வளவு மெல்லிசாம், பெரியவங்களுக்குப் போடற ஸ்க்ரூ எல்லாம் போட முடியாது, தலை வளரணும் இல்லையா, கரைஞ்சு போற தகடும் தையலும்தான். மைக்ராஸ்கோப்ல பார்த்து, முதல்ல புடைப்புக்கு முன்னாடி இருக்கிற குழாயைத் தற்காலிகக் கிளிப் போட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் அடைச்சு, அந்த நேரத்துக்குள்ள புடைப்போட கழுத்துல நிரந்தரக் கிளிப்பைப் போட்டு, அடைச்சதை எடுத்துட்டு, மத்த குழாய்ங்கள்ல ரத்தம் ஓடற சத்தம் வருதான்னு டாப்ளர்ங்கிற சின்னக் கருவியை வச்சுக் கேட்டிருக்காங்க. வெளிய வந்து மாஸ்க்கை இறக்கிட்டு "கிளிப் உக்காந்துடுச்சு, ஓட்டம் நல்லா இருக்கு"ன்னு சொன்னாரு. எங்கம்மா அவர் கால்லயே விழப் போயிட்டாங்க, அவர் பிடிச்சுத் தூக்கிட்டு, "பாட்டி, இனிமேதான் ரெண்டு வாரம் கஷ்டமான காலம், தெம்பா இருங்க"ன்னாரு.

அது நிஜம்தான். ஆபரேஷன் முடிஞ்சா முடிஞ்சுதுன்னு நினைச்சோம். வெளிய வந்த ரத்தம் கரையறப்போ பக்கத்துல இருக்கிற நல்ல ரத்தக் குழாயெல்லாம் சுருங்கும், வேசோஸ்பாசம்னு சொல்வாங்க, வெடிச்ச 4-வது நாள்ல இருந்து 14-வது நாள் வரைக்கும் அந்த பயம் உண்டு. அதுக்கு நிமோடிபின்னு ஒரு மருந்து மூக்கு வழியா போட்ட ட்யூப்ல போகும், ஆனா அது பிரஷரையும் இறக்கிடும், பிரஷர் இறங்கினா மூளைக்கு ஓட்டம் குறையும், அதனால மருந்து குடுத்துட்டு நர்ஸ் மானிட்டரையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. பெரியவங்கன்னா கையைத் தூக்குங்க, பேரைச் சொல்லுங்கன்னு கேட்டுப் பார்த்து சுருக்கம் வந்துடுச்சான்னு கண்டுபிடிக்கலாம். இவளுக்கு? டாப்ளர் ஸ்கேன், அப்புறம் நாங்க. ரெண்டு கையும் ஒரே மாதிரி அசையுதா, டயப்பர் மாத்தறப்போ ரெண்டு காலையும் உதைக்கிறாளா, என் குரல் கேட்டா புருவம் சுருக்கறாளா, இதையெல்லாம் ஒரு சின்ன நோட்ல நேரம் போட்டு எழுதி வச்சேன், காலையில ரவுண்ட்ஸ்ல டாக்டர் அதை வாங்கிப் படிச்சுட்டுத்தான் ஸ்கேனைப் பார்ப்பாரு.

தலையில இருந்து ஒரு ட்யூப் வெளிய வந்து பையில நீர் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மூளை நீர் ஓடற பாதையை ரத்தம் அடைச்சதால தேங்கற நீரை அது வெளியேத்துது. இந்த ட்யூபைப் பத்தி அங்க இருந்த சீனியர் நர்ஸ் எனக்குச் சொல்லிக் குடுத்ததை அப்படியே எழுதறேன். கம்பத்துல ஒரு அளவுகோல் மாதிரி இருக்கும், அதுல பூஜ்ஜியம் பாப்பாவோட காது ஓட்டைக்கு நேரா வரணும். பாப்பா தலை கொஞ்சம் மேல போனா நீர் ஜாஸ்தியா வழிஞ்சுடும், கீழ போனா வழியவே வழியாது. "அம்மா, நீங்க ஆசையா அவளைத் தூக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க, நான் முதல்ல இந்தத் திருகை மூடணும், கீழ படுக்க வச்சதும் மறுபடி அளவைச் சரி பண்ணித் திறக்கணும்"னாங்க. அதுல இருந்து கட்டில் பட்டனை யாராவது தொட்டாலே நான் முதல்ல அந்தத் திருகைத்தான் பார்ப்பேன். பையில வர்ற நீரோட நிறமும் பார்க்கக் கத்துக்கிட்டேன், முதல்ல சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் வெளிர் மஞ்சள். மஞ்சளுக்கு வந்தது திரும்ப சிவப்பாச்சுன்னா உடனே சொல்லணும், கலங்கலாச்சுன்னா கிருமின்னு சந்தேகப்படணும். அதுவும் ஒரு நாள் நான்தான் முதல்ல பார்த்தேன், நல்ல வேளை அது ஒண்ணுமில்லாம போச்சு.

பால் பத்தி கேக்கறவங்களுக்கு: நான் மூணு மணிக்கு ஒரு தடவை பம்ப் பண்ணிக்கிட்டே இருந்தேன், முதல்ல அழுகையும் பதட்டமுமா ஒரு சொட்டு கூட வரல, விடாம பண்ணதுல சுரந்துச்சு. அதை ட்யூப்ல குடுத்தாங்க. வென்டிலேட்டர் எடுத்த பிறகும் உடனே வாயில குடுக்க விடல, விழுங்கற திறமை சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான்.

வெளிய வர்ற நீரைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பார்த்தாங்க. எங்க பொண்ணுக்கு நிறுத்தினப்போ எல்லாம் உச்சி மறுபடி மேடாச்சு, அதனால நிரந்தரமா ஷன்ட் வைக்க வேண்டியதாப் போச்சு, தலையில இருந்து தோலுக்கடியிலேயே வயித்துக்கு ஒரு மெல்லிய ட்யூப். எல்லாக் குழந்தைக்கும் இது தேவைப்படாது. தேவைப்பட்டவங்க தெரிஞ்சுக்க வேண்டியது, ஷன்ட் அடைச்சா வர்ற அறிகுறியும் முதல் நாள் வந்த அறிகுறியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: வாந்தி, தொய்வு, மேடான உச்சி, கண்ணு கீழ இறங்கறது, தலைச் சுற்றளவு வேகமா ஏறறது. ஒரு சாதாரண வாந்தியை இனிமே எங்களால சாதாரணமா பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாதுன்னுதான் டாக்டரும் சொல்லியிருக்காரு.

காரணம் என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் கர்ப்பமா இருந்தப்போ இதைச் சாப்பிட்டதால, அங்க போனதால, தூக்கிப் போட்டு விளையாடினதாலன்னு சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, அந்தப் பேச்சு ஆபரேஷனை விட என்னை வாட்டுச்சு. அடி, ரத்தத்துல கிருமி, ரத்தக் குழாய் சுவரைப் பாதிக்கிற சில மரபணு நோய்ங்க, இதெல்லாம் காரணமா இருக்கலாம், நிறையக் குழந்தைங்களுக்கு எந்தக் காரணமும் கிடைக்கறதில்ல. எங்களுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் வரல. இதை சர்ஜனையே வாயால சொல்லச் சொல்லி, மாமியார் வீட்டுக்காரங்களை இவர் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வச்சாரு, அதுக்கப்புறம்தான் அந்தப் பேச்சு நின்னுது.

வீட்டுக்கு வந்தப்புறம் நான் ரொம்ப கவனிச்சது கையை. இடது பக்க மூளைன்னா வலது கை கால்தான் பாதிக்கும். பொதுவா ஒரு வயசுக்குள்ள குழந்தை ரெண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்தணும், அப்பவே ஒரு கைப் பழக்கம் தெரிஞ்சா அந்தக் குழந்தை இடது கைக்காரன்னு சந்தோஷப்படாம இன்னொரு கைக்கு பலம் கம்மியான்னு பார்க்கச் சொல்லணும். இவ பொம்மையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடது கையாலயே வாங்கினா, வலது கட்டை விரலை உள்ளங்கைக்குள்ள மடக்கியே வச்சிருந்தா. அதைச் சொன்ன வாரமே பிசியோவும் கை பயிற்சியும் ஆரம்பிச்சுட்டாங்க. நல்லா இருக்கிற கைக்கு மெத்துன்னு ஒரு உறை மாட்டிட்டு, தினமும் கொஞ்ச நேரம் வலது கையால மட்டும் விளையாட வைப்பாங்க. முதல்ல கோவத்துல உறையைக் கடிச்சுப் பிய்ச்சா, அப்புறம் வலது கையால டமார்னு டப்பாவைத் தட்டிட்டு அந்தச் சத்தத்துக்கு அவளே சிரிச்சா.

இப்ப சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறா, வலது பாதம் லேசா உள்ள திரும்புது, அதுக்குக் கால்ல ஒரு சப்போர்ட் போட்டிருக்கு. ஃபிட்ஸ் மருந்து இன்னும் போகுது, டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. அம்மா, தா, வா எல்லாம் வந்துடுச்சு. ஆறு மாசத்துலயும் ஒரு வருஷத்துலயும் எடுத்த ஆஞ்சியோவுல கிளிப் போட்ட இடம் சுத்தமா இருக்கு, ஆனா குழந்தைங்களுக்கு வருஷங்கள் கழிச்சு வேற இடத்துலயும் புதுசா வரலாம்ங்கிறதால ஸ்கேன் தொடர்ந்து பல வருஷம் போகும்.

டிஸ்சார்ஜ் ஆகறப்போ ஒண்ணு மட்டும் கேட்டு வாங்காம வராதீங்க: உள்ள போட்ட கிளிப்போட கம்பெனி பேர், மாடல், எந்த உலோகம், எந்தத் தேதியில போட்டாங்க, ஷன்ட் இருந்தா அதோட வால்வு வகை, அதுல எந்த அளவு செட் பண்ணியிருக்குன்னு எழுதின கார்டு. எந்தக் கிளிப்னு தெரியாம எம்ஆர்ஐ ரூம்ல, அதாவது பெரிய காந்தம் வச்சு ஸ்கேன் எடுக்கிற ரூம்ல, உள்ளயே விட மாட்டாங்க, அந்தக் காந்தத்துக்கு ஒத்து வராத பழைய வகைக் கிளிப்பும் உண்டு, அதனால அவங்க விடாம இருக்கறதும் சரிதான். சில வகை ஷன்ட்டோட அளவு எம்ஆர்ஐ காந்தத்துல மாறிடும், ஸ்கேன் முடிஞ்சதும் மறுபடி பார்த்து செட் பண்ணணும். நாங்க அந்தக் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு என் பர்ஸ்லயும், ஒண்ணு இவர் பர்ஸ்லயும், ஒண்ணு எங்கம்மாகிட்டயும் வச்சிருக்கோம், போன்ல போட்டோவும் இருக்கு. நாளைக்கு அவளை ஸ்கூல்ல சேர்க்கறப்போ டீச்சர் கையிலயும் ஒண்ணு குடுப்போம்.